மறு: சேமித்த விதையில் வேறு வேறு தக்காளி காய்க்கிறது
கடைத் தக்காளியின் விதையைப் போட்டதில் செடிக்குச் செடி காய் மாறுகிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் வளர்ப்பில் குறை இல்லை. அது ஹைப்ரிட் ரகமாக, அதாவது இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கியதாக இருந்திருக்கும், அதன் விதை தாயைப் போலக் காய்க்காது. தாயைப் போலவே காய்க்கும் பாரம்பரிய ரகம் வேண்டுமென்றால் எஃப்1 (முதல் தலைமுறை ஹைப்ரிட்) என்று போட்ட பாக்கெட்டைத் தவிர்த்துவிடுங்கள். விதை சேமிப்பவர்களிடம் ரகப் பெயர் கேட்டு வாங்குவது இன்னும் நல்லது. ருசிக்கு நான் பிராண்டிவைன் என்ற பாரம்பரிய ரகத்தைத்தான் சொல்வேன். ஆனால் அதன் பூவில் சூல்முடி (மகரந்தத்தை ஏற்கும் பெண் பாகத்தின் நுனி) வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பக்கத்துச் செடியின் மகரந்தம் எளிதில் சேர்ந்துவிடும். அதனால் விதைக்கென்று ஒரு கொத்தை, பூ விரியும் முன்பே மெல்லிய துணிப்பையால் மூடி, பூவின் சொந்த மகரந்தமே சேரும்படி தினமும் லேசாகத் தட்டிவிடுங்கள். காய் பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, நூல் கட்டி அடையாளம் வையுங்கள். நன்றாகப் பழுத்த பிறகு விதையைச் சாறோடு 2, 3 நாள் புளிக்கவிட்டு, கழுவி நிழலில் காயவைத்தால் போதும்.