பழைய ரேஸ் சைக்கிளுக்குப் புதுச் செயின்: வாசகர் கேள்விகள்

கேள்வி: 1985-ல் செய்த பிரெஞ்சு ரேஸ் சைக்கிள் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. முன்னால் 52, 42 பல்; பின்னால் 6 சக்கர பிரீவீல் (பின்சக்கரத்தில் திருகி ஏற்றும் பல்சக்கரத் தொகுதி). கடையில் 8, 9, 10, 11 ஸ்பீடு செயின்தான் இருக்கிறது. எதைப் போடலாம்?
— வாசகர், கோவை

பதில்: 8 ஸ்பீடு செயினை வாங்குங்கள். ஸ்பீடு என்பது பின்னால் உள்ள பல்சக்கரங்களின் எண்ணிக்கை; பெட்டியிலேயே 6/7/8 என்று அச்சிட்டிருக்கும்.

கண்ணிகளை இணைக்கும் சிறு ஆணிதான் பின். ஒரு பின்னிலிருந்து அடுத்த பின் வரை உங்கள் பழைய செயினில் அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. இன்றைய செயினிலும் அதே அளவுதான். மாறியது வெளி அகலம். பின்சக்கரத்தில் பல்சக்கரங்கள் கூடக் கூட நடுவே இடம் சுருங்கியது, செயினும் மெலிந்தது. பின்னின் முனைக்கு முனை அளந்தால் 8 ஸ்பீடு செயின் ஏறக்குறைய 7.1 மி.மீ., 9 ஸ்பீடு 6.6, 10 ஸ்பீடு 6, 11 ஸ்பீடு 5.5. உள் அகலம் அவ்வளவாகக் குறையவில்லை: 2.4 மி.மீ. இருந்தது 2.2 ஆயிற்று. அதனால்தான் மெல்லிய செயினும் பழைய பல்லில் உட்காருகிறது.

அப்படியானால் 9, 10 ஏன் வேண்டாம்? பின்னால் பெரும்பாலும் ஓடிவிடும். தொல்லை முன்னால். பழைய கிராங்கில் (மிதி பூட்டும் தண்டு) இரண்டு செயின் ரிங்குகளுக்கும், அதாவது முன்பக்கப் பல்சக்கரங்களுக்கும், நடுவே இடைவெளி அதிகம். 52-லிருந்து 42-க்கு இறக்கும்போது மெல்லிய செயின் பல்லைப் பிடிக்காமல் அந்த இடுக்கில் விழுந்து சும்மா சுழலும். எழுந்து நின்று மிதிக்கிற நேரத்தில் இப்படி நடந்தால் கீழே விழ வேண்டியதுதான். விலையும் கூடுதல்.

நீளத்துக்கு வருவோம். பழைய செயினைப் பக்கத்தில் தொங்கவிட்டு அதே நீளத்துக்கு வெட்டாதீர்கள். 110 கண்ணி உள்ள செயின் நூற்றுக்கு ஒரு பங்கு தேய்ந்திருந்தாலே 14 மி.மீ. நீண்டிருக்கும், அது ஒரு கண்ணிக்கும் மேல். கண்ணிகளை எண்ணி வெட்டுங்கள். பழைய செயின் இல்லையென்றால், புதியதை டிரெய்லியருக்குள் (கியர் மாற்றச் செயினை நகர்த்தும் பாகம்) நுழைக்காமல் முன்னால் பெரிய ரிங், பின்னால் பெரிய சக்கரம் இரண்டிலும் சுற்றி, முனைகள் சேரும் இடத்திலிருந்து இரண்டு கண்ணி கூடுதலாக விட்டு வெட்டலாம்.

கேள்வி: புது 8 ஸ்பீடு செயின் போட்டேன். மேட்டில் அழுத்தி மிதித்தால் சின்னச் சக்கரம் இரண்டில் மட்டும் டக்கென்று தாவுகிறது. பழைய செயினில் இப்படி இல்லையே! செயின் சரியில்லையா?
— வாசகர், திருச்சி

பதில்: செயின் நன்றாகத்தான் இருக்கும். பழைய செயினும் அந்தப் பற்களும் சேர்ந்தே தேய்ந்தன. நீண்டுபோன செயினுக்கு ஏற்றபடி பல்லின் குழி அகன்று, முனை கொக்கிபோல் வளைந்திருக்கும். புதுச் செயினின் உருளைகள் அந்தக் குழியில் சரியாக இறங்காமல் பல்லின் மேலேறித் தாவுகின்றன. அதிகம் ஓட்டிய சக்கரங்களில்தான் இது தெரியும்.

எல்லாச் சக்கரத்திலும் தாவினால் மட்டும் செயினைச் சந்தேகிக்கலாம். மிதியை மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றி, டிரெய்லியரின் கூண்டைக் கவனியுங்கள். ஒரே கண்ணி வரும்போதெல்லாம் துள்ளினால் அது இறுகிய கண்ணி. இரண்டு கட்டைவிரலாலும் பக்கவாட்டில் லேசாக வளைத்தால் இளகிவிடும்.

உங்களுக்கு பிரீவீலை மாற்றுவதுதான் வழி. கழற்றும் கருவி அந்தந்த மாதிரிக்கு ஏற்ப மாறும். ஷிமானோவுக்கு உள்ளே வரிப்பல், பழைய சன்டூருக்கு இரண்டு அல்லது நான்கு காடி (வெட்டுப் பள்ளம்). இரண்டு காடி உள்ளதில்தான் விபரீதம் அதிகம்: கருவி நழுவினால் காடி உடையும், பிறகு பிரீவீலைப் பிரித்து எடுக்க வேண்டியிருக்கும். கருவியை வைத்து, அச்சு நட்டாலோ குவிக் ரிலீஸ் கம்பியாலோ அழுத்திப் பிடித்த பிறகே இடப்பக்கமாகத் திருப்புங்கள். அசைந்ததும் நட்டைத் தளர்த்திவிட வேண்டும்.

பழைய பிரெஞ்சு ஹப்பாக (சக்கரத்தின் நடுப்பாகம்) இருந்தால் மரையையும் பாருங்கள். அதன் மரை 34.7 மி.மீ.; ஆங்கில மரை 34.9. ஆங்கில பிரீவீல் அதில் தளர்வாக ஏறி மரையைத் தின்றுவிடும்.

அடுத்த முறை இவ்வளவு தூரம் போக விடாதீர்கள். 24 கண்ணி சரியாக 12 அங்குலம். ஸ்கேலை ஒரு பின்னின் நடுவில் வைத்தால் 24-வது கண்ணியின் பின் 12-ஐவிட 1/16 அங்குலம் தள்ளி நின்றால் செயினை மட்டும் மாற்றலாம். 1/8 தள்ளியிருந்தால் பல்சக்கரமும் போயிருக்கும்.

கேள்வி: புதிதாக வந்த செயின்களில் பழைய சைக்கிளுக்குப் பொருந்தவே பொருந்தாதது ஏதாவது உண்டா?
— வாசகர், மதுரை

பதில்: உண்டு. 2019-ல் ஸ்ராம் கொண்டுவந்த 12 ஸ்பீடு ஃபிளாட்டாப் ரோடு செயின். அதன் உருளையே மற்றவற்றைவிடப் பெரியது; பழைய பல்லில் சரியாக இறங்காது.

கேள்வி: சாதா சைக்கிள் செயினின் கிளிப் லாக்கை (செயினின் இரு முனைகளையும் சேர்க்கும் கண்ணி) வைத்துக் கியர் செயினை இணைக்கலாமா?
— வாசகர், சேலம்

பதில்: கூடாது. சாதா செயினின் உள் அகலம் 1/8 அங்குலம், கியர் செயினுடையது 3/32. அந்த லாக் வெளியே புடைத்துப் பக்கத்துச் சக்கரத்தில் இடிக்கும், கிளிப் கழன்று தெறிக்கும். செயினின் ஸ்பீடுக்குரிய லாக்கே வேண்டும். 8 ஸ்பீடு லாக்கை 9 ஸ்பீடு செயினில் போட்டால் ஆடும். 9-ஐ 8-ல் போட்டால் இறுகும். 10-க்கு மேல் பல லாக்குகள் ஒரே முறைதான் பயன்படும், பெட்டியைப் பாருங்கள். மாட்டிய பிறகு மிதியைச் சுற்றி லாக்கைச் செயினின் மேல்பாதிக்குக் கொண்டுவந்து, பின் பிரேக்கைப் பிடித்தபடி மிதியை அழுத்துங்கள். 'டிக்' என்று கேட்ட பிறகே வண்டியில் ஏறுங்கள்.