பிள்ளைகள் தூங்கிய பிறகு கேம்: அடிமைத்தனமா, தூக்கக் குறைவா?

கேள்வி: எனக்கு 36 வயது. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கு வேலை. மனைவி பள்ளி ஆசிரியை. இரண்டு பிள்ளைகள், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் அம்மாவும் எங்களோடு இருக்கிறார். கல்லூரிக் காலத்திலிருந்தே வீடியோ கேம் எனக்கு உயிர். இப்போது எல்லோரும் தூங்கிய பிறகு, இரவு 11 மணிக்கு மேல்தான் அதற்கு நேரம் கிடைக்கிறது. பழைய நண்பர்களோடு ஆன்லைனில் ஆடிவிட்டுப் படுக்க 2 மணி ஆகிவிடும். 6 மணிக்கு எழ வேண்டும். கண் எரிகிறது, காலையில் தலை வலிக்கிறது, வலது கட்டைவிரல் அடியில் வலி. பிள்ளைகள்மீது காரணமில்லாமல் எரிந்து விழுகிறேன். இது அடிமைத்தனம் என்கிறார் மனைவி. பிளேஸ்டேஷனை விற்றுவிடட்டுமா?

பதில்: விற்க வேண்டாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், உங்களைப் படுத்துவது கேமைவிடத் தூக்கமின்மைதான்.

உலக சுகாதார நிறுவனம் 'கேமிங் கோளாறு' என்பதைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருப்பது உண்மை. 2022 ஜனவரி முதல் அந்தப் பட்டியல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அதற்கு அளவுகோல் உண்டு. ஆட்டத்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் கையை மீறிப் போக வேண்டும். மற்ற எல்லாவற்றையும் ஆட்டம் பின்னுக்குத் தள்ள வேண்டும். கெடுதல் நேர்வது தெரிந்தும் தொடர வேண்டும். வேலையோ குடும்பமோ கடுமையாகப் பாதிக்கப்படும் அளவுக்கு, பொதுவாக 12 மாதமாவது இப்படி இருந்தால்தான் அந்தப் பெயரைச் சொல்வோம். நீங்கள் வேலைக்குப் போகிறீர்கள், வீட்டைப் பார்க்கிறீர்கள், எல்லோரும் தூங்கும்வரை காத்திருக்கிறீர்கள். ஆனாலும் மனைவியின் கவலையைத் தட்டிவிடாதீர்கள். உங்கள் எரிச்சலை நேரில் பார்ப்பவர் அவர்.

உங்கள் வயதில் இரவுக்கு 7 மணி நேரத் தூக்கமாவது வேண்டும். உங்களுக்குக் கிடைப்பது 4. கனவு வரும் தூக்கம் பெரும்பாலும் இரவின் பின்பாதியில்தான் வருகிறது. தாமதமாகப் படுத்து வழக்கமான நேரத்துக்கே எழுந்தால் அந்தத் தூக்கம்தான் அதிகம் குறையும். மனநிலை நிதானமாக இருக்க அது வேண்டும். பிள்ளை பால் டம்ளரைக் கவிழ்த்தால்கூடக் கத்திவிடுவது இதனால்தான். இன்னொன்று, போட்டி ஆட்டம் முடிந்ததும் உடம்பு உடனே அடங்காது. நெஞ்சு படபடப்பு குறைந்து கண் சொருக நேரம் பிடிக்கும். இத்தனை தூக்கக் கடனோடு காலையில் இருசக்கர வாகனம் ஓட்டுகிறீர்களா? எனக்கு அதுதான் பெரிய பயம்.

பகல் முழுக்கப் பிறருக்காகவே கழிகிறவர்கள் இரவைத் தமக்கென்று பிடித்து வைத்துக்கொள்வது எனக்குப் புரிகிறது. அந்த ஆசையில் தப்பே இல்லை. ஒளித்து எடுக்கும் நேரமாக அது இருப்பதுதான் சிக்கல். வீட்டில் வெளிப்படையாகக் கேளுங்கள்: 'ஞாயிறு மதியம் இரண்டு மணி நேரம் எனக்கு வேண்டும்' என்று. அதற்கு முன்னால் வாரத்தில் மனைவிக்கென்று எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பள்ளி, சமையல், பிள்ளைகளின் வீட்டுப்பாடம், மாமியாருக்கு மாத்திரை என்று ஓடுகிறவருக்கும் அதே இரண்டு மணி நேரம் வேண்டும். அந்த நேரத்தில் அடுப்பும் பிள்ளைகளும் உங்கள் பொறுப்பு. இப்படிப் பேசிப் பாருங்கள், சண்டை பாதியாகக் குறையும்.

சரி, வார நாட்களில்? நண்பர்களோடு ஆடும் ஆட்டத்தை வார இறுதிக்கு மாற்றுங்கள். பாதியில் எழுந்தால் அணியை விட்டு ஓடியது மாதிரி ஆகிவிடும். அதனால்தான் 'இன்னும் ஒரே ஒரு மேட்ச்' என்று இழுக்கிறது. வார நாட்களில் தனியாக ஆடக்கூடியதாக, நினைத்த இடத்தில் சேவ் செய்து நிறுத்தக்கூடியதாகத் தேர்ந்தெடுங்கள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் அரைமணி நேரம், அதுவும் இரண்டு நாள் போதும். மற்ற நாட்களில் 10.30-க்குப் படுக்கை. மாலைக்கு மேல் காபி வேண்டாம். ஐந்து மணி நேரம் கழித்தும் அதன் காஃபீனில் பாதி அளவு ரத்தத்தில் இருக்கும்.

கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டை மெல்லச் சுண்டுவிரல் பக்கம் சாயுங்கள். கட்டைவிரல் பக்க மணிக்கட்டில் சுரீரென்று வலித்தால் அங்குள்ள தசைநாண் உறை வீங்கியிருக்கலாம். 'டி குவெர்வைன்' என்போம். கைக்குழந்தையை அடிக்கடி தூக்கும் தாய்மாருக்கும் இது வரும். இரண்டு மூன்று வாரம் கன்ட்ரோலரைத் தொடாமல், கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டை போடுங்கள். குறையாவிட்டால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். கண் எரிவது, திரையைப் பார்க்கும்போது இமைப்பது குறைந்து கண் உலர்வதால் இருக்கலாம். அறை விளக்கைப் போட்டுக்கொண்டு ஆடுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தள்ளி உள்ள எதையாவது 20 விநாடி பாருங்கள்.

காலைத் தலைவலியை மட்டும் கேமின் தலையில் கட்டிவிட வேண்டாம். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் இருப்பதால் நீங்களும் இந்த வாரமே அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். தூக்கத்தில் பலமாகக் குறட்டை விடுகிறீர்களா, மூச்சு நின்று நின்று வருகிறதா என்று மனைவியிடம் கேளுங்கள். ஆம் என்றால் நுரையீரல் மருத்துவரையோ காது மூக்கு தொண்டை மருத்துவரையோ பார்க்க வேண்டும்.

ஒரு மாதம் இப்படி நடந்து பாருங்கள். பேசி வைத்த நேரத்தில் நிறுத்தவே முடியவில்லை, ஆடாத நாளில் மனம் தவிக்கிறது, வேலைக்கு லீவு போட்டு ஆடத் தோன்றுகிறது என்றால், அப்போது மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற 'டெலி மானஸ்' அரசு மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் கூப்பிடலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.