மொட்டை மாடியில் உலக சினிமா: கேள்வி பதில்

ஆறு வருடமாகச் சனிக்கிழமை இரவுகளில் எங்கள் மொட்டை மாடியில் வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டி வேற்றுமொழிப் படங்கள் போட்டு வருகிறேன். தங்கள் வீட்டிலும் இப்படித் தொடங்க நினைப்பவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கேள்வி: அண்ணா, முதல் வாரமே ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் படம் போட்டால் கெத்தாக இருக்கும் என்கிறான் நண்பன். போடலாமா?

வேண்டாம் தம்பி. அந்தக் கெத்து எனக்கும் இருந்தது. 1979இல் வந்த அவருடைய 'ஸ்டாக்கர்' போட்டேன், இரண்டே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. தொடங்கும்போது மாடிப்படியடியில் பதினொரு ஜோடிச் செருப்பு கிடந்தது. முடிந்தபோது நான்கு, அதில் ஒன்று என்னுடையது. மகத்தான படம்தான், ஆறு மாதம் போகட்டும்.

முதல் வாரத்துக்கு ஈரானின் அப்பாஸ் கியரோஸ்தமி எடுத்த 'நண்பனின் வீடு எங்கே?' (1987) சரியாக இருக்கும். 83 நிமிடம்தான். ஒரு பையன் வகுப்புத் தோழனின் நோட்டைத் தெரியாமல் எடுத்து வந்துவிடுகிறான். வீட்டுப்பாடத்தை நோட்டில் எழுதாமல் போனால் தோழனை வாத்தியார் பள்ளியை விட்டே அனுப்பிவிடுவார். நோட்டைக் கொடுக்கப் பக்கத்து ஊருக்கு ஓடுகிறான். வீடு எதுவென்று தெரியாது. அவ்வளவுதான் கதை. கடைசிக் காட்சியில் நோட்டைத் திறக்கும்போது திரையைப் பார்க்காதீர்கள், உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தைப் பாருங்கள்.

கேள்வி: வாரம் ஒரு இயக்குநரா, மாதம் ஒருவரா?

மாதம் ஒருவர். இதில் மட்டும் எனக்குப் பிடிவாதம் உண்டு. ஜப்பானின் யசுஜிரோ ஓசுவை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் 'லேட் ஸ்பிரிங்' (1949) பார்த்துவிட்டு "ஒண்ணுமே நடக்கலையே" என்பார்கள். அதில் செட்சுகோ ஹாரா மகள், சிஷு ரியு அப்பா. அடுத்த வாரம் 'டோக்கியோ ஸ்டோரி' (1953). அதே ஹாரா இப்போது விதவை மருமகள், அதே ரியு எழுபதை எட்டும் மாமனார். மூன்றாம் வாரம் 'குட் மார்னிங்' (1959) போட்டால் ரியு திடீரென்று டிவி கேட்டு அடம்பிடிக்கும் இரண்டு சின்னப் பையன்களுக்குத் தகப்பன்! "போன வாரக் கிழவரா இவர்?" என்று என் மாடியில் ஒரே சத்தம். கேமரா ஏன் எப்போதும் பாயில் உட்கார்ந்தவர் கண் மட்டத்திலேயே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் ஒருவர் கேட்டார். வாரம் ஒருவராகப் போட்டிருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது.

கேள்வி: அம்மாவும் வருகிறார். ஆங்கில சப்டைட்டில் படிக்க வராது. என்ன செய்வது?

பேச்சு குறைந்த படங்களைத் தேடுங்கள். ஜப்பானிய இயக்குநர் கனேட்டோ ஷிண்டோவின் 'நேக்கட் ஐலண்ட்' (1960) படத்தில் கிட்டத்தட்ட வசனமே இல்லை. நல்ல தண்ணீர் இல்லாத சின்னத் தீவு. புருஷனும் பெண்டாட்டியும் படகில் போய்த் தண்ணீர் கொண்டுவந்து, தோளில் காவடி மாதிரி இரண்டு வாளியைத் தொங்கவிட்டு மேடேறிப் பயிருக்கு ஊற்றுகிறார்கள். ஒரு முறை அவள் கால் தடுமாறி வாளி கவிழ்ந்துவிடும். அவன் பளாரென்று அறைவான். என் அம்மா அந்த இடத்தில் "அட பாவி" என்றார், அப்புறம் படம் முடியும்வரை வாய் திறக்கவில்லை. பேச்சு நிறைந்த படம் என்றால், முடிச்சு விழும் இடம்வரை கதையை முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

கேள்வி: சப்டைட்டில் ஆரம்பத்தில் சரியாக வருகிறது. போகப் போக விலகிவிடுகிறது.

வினாடிக்கு 25 பிரேம் (தனித்தனிப் படம்) ஓடும் பிரதிக்கு எழுதிய சப்டைட்டிலை 23.976 பிரேம் பிரதியோடு போட்டால் இப்படித்தான் ஆகும். ஒன்றரை மணி நேரப் படத்தில் கிட்டத்தட்ட நான்கு நிமிடம் விலகும். படம் ஓட்டும் வி.எல்.சி. மென்பொருளில் ஜி, எச் விசைகளைத் தட்டினால் முழுவதும் ஒரே அளவில் முன்னே பின்னே நகரும், அவ்வளவுதான். சப்டைட்டில் வேகத்தையே மாற்ற வேண்டும். மத்தியானமே ஒரு தடவை கடைசிப் பத்து நிமிடத்தை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பழைய படங்களில் எல்லாரும் குண்டாகத் தெரிகிறார்களே?

டிவியோ புரொஜெக்டரோ படத்தை அகலமாக இழுக்கிறது. செட்டிங்கில் அதை நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் வரட்டும்.

கேள்வி: சட்டப்படி பிரச்சினை வருமா, சார்?

வீட்டு மனிதர்களோடும் நண்பர்களோடும் பார்ப்பது வேறு, நோட்டீஸ் ஒட்டி ஊரைக் கூப்பிடுவது வேறு. ஓடிடி சந்தா சொந்த உபயோகத்துக்குத்தான். பொதுத் திரையிடல் என்றால் உரிமையாளரிடம் அனுமதி வாங்கியாக வேண்டும். பிரெஞ்சு, ஜெர்மன் படங்களுக்கு அந்தந்த மொழி, பண்பாட்டு மையங்களான அலியான்ஸ் பிரான்சேஸ், கோதே இன்ஸ்டிட்யூட் இரண்டிடமும் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: படம் முடிந்ததும் ஒருவரே பேசிக்கொண்டிருக்கிறார். மற்றவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள்.

எல்லாக் கூட்டத்திலும் அப்படி ஒருவர் இருப்பார். எங்கள் ஆளிடம் சுக்குக் காப்பி ஊற்றிக் கொடுக்கும் வேலையை ஒப்படைத்தேன். பதினைந்து டம்ளர் நிரப்பி முடிப்பதற்குள் மற்றவர்கள் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள்.