பத்தடி நெருங்கினால் சாம்பலாகிவிடுவோமா?

அன்புள்ள சாருக்கு,

வணக்கம். லால்குடியிலிருந்து எழுதுகிறேன். ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகன், பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக ‘பூமியில் மட்டும் ஏன் உயிர்கள் வாழ்கின்றன?’ என்று ஒரு சார்ட் தயாரிக்கிறான். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. ‘பூமி சூரியனுக்குப் பத்தடி நெருங்கினால் நாமெல்லாம் சாம்பல், பத்தடி விலகினால் பனிக்கட்டி. இதை அளந்து வைத்தது யார்?’ என்று. அவன் அதையே சார்ட்டின் முதல் வரியாக எழுதிவிட்டான். எனக்கு ஏதோ உறுத்துகிறது, ஆனால் எப்படி மறுப்பது என்று தெரியவில்லை. தூரம்தான் காரணமா? வேறு காரணம் இருந்தால் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது? அவன் இன்னொன்றும் கேட்கிறான்: இங்கே இருக்கிற காற்றையும் தண்ணீரையும் செவ்வாயில் உண்டாக்கிவிட்டால் அதுவும் பூமி மாதிரி ஆகிவிடாதா?

ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் வேலையாக அந்த வரியை அழிக்கச் சொல்லுங்கள். பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டம் இல்லை. ஜனவரி முதல் வாரத்தில் நமக்கும் சூரியனுக்கும் இடையே சுமார் 14.71 கோடி கிலோமீட்டர். ஜூலை முதல் வாரத்தில் 15.21 கோடி. ஒவ்வொரு வருடமும் 50 லட்சம் கிலோமீட்டர் நெருங்கி, மறுபடி விலகுகிறோம். மிக அருகில் இருப்பது எப்போது என்று பாருங்கள்: மார்கழிக் குளிரில், விடியற்காலையில் போர்வையை விட்டு எழ மனம் வராத நாட்களில். பருவங்களைத் தீர்மானிப்பது பூமியின் அச்சுச் சாய்வுதான், இந்தத் தூரம் இல்லை.

‘அளந்து வைத்தது யார்’ என்ற கேள்வியை நான் கேலி செய்ய மாட்டேன். மனிதர்கள் காலம்காலமாகக் கேட்டுவருவது அது. ஆனால் பொய்க்கணக்கைக் காட்டித்தான் அதைக் கேட்க வேண்டும் என்பதில்லை. உங்கள் மகனுக்கு உண்மையான எண்கள் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

தூரத்துக்குப் பங்கே இல்லையா என்றால், உண்டு. தண்ணீர் தண்ணீராகவே இருக்கக்கூடிய ஒரு பரந்த பட்டை சூரியனைச் சுற்றி இருக்கிறது, நாம் அதற்குள் இருக்கிறோம். ஆனால் அது போதாது என்பதற்குச் சாட்சி நிலா. அதுவும் சூரியனிலிருந்து நம் தூரத்தில்தான் இருக்கிறது. அதன் நடுக்கோட்டுப் பகுதியில் பகலில் 120 டிகிரி, இரவில் மைனஸ் 130 டிகிரிக்கும் கீழே. 2023 ஆகஸ்டில் சந்திரயான்-3 தென்துருவத்துக்குப் பக்கத்தில் இறங்கியபோது அதிலிருந்த கருவி நிலாவின் மண்ணுக்குள் வெப்பத்தை அளந்தது. மேலே 50 டிகிரிக்கு மேல். எட்டு சென்டிமீட்டர் ஆழத்தில் சுமார் மைனஸ் 10. ஒரு சாண்கூட இல்லை, அதற்குள் அத்தனை வித்தியாசம். வெப்பத்தைப் பிடித்துவைக்கவும் பரப்பவும் அங்கே காற்று இல்லை.

நம் காற்றிலிருக்கும் நீராவியும் கரியமில வாயுவும் வெப்பத்தைப் பிடித்துவைக்காவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை மைனஸ் 18 டிகிரியாக இருக்கும் என்பது கணக்கு. இருப்பதோ சுமார் 15 டிகிரி. சரி, அப்படியானால் கரியமில வாயு நிறைய இருந்தால் நல்லதா? வெள்ளி கிரகத்தைப் பார்க்கலாம். அளவில் கிட்டத்தட்ட பூமியேதான். அதன் காற்றில் 96 சதவீதத்துக்கு மேல் கரியமில வாயு. காற்றழுத்தம் நம்முடையதைப்போல சுமார் 90 மடங்கு. தரையில் 460 டிகிரிக்கு மேல் வெப்பம், ஈயம் உருகிவிடும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். பூமியிலும் ஏறக்குறைய அதே அளவு கரியமில வாயுவுக்கான கரி (கார்பன்) இருக்கிறது. அது காற்றில் இல்லை, கல்லில் இருக்கிறது. அந்தக் கல் உங்கள் ஊர்ப் பக்கம் இருக்கிறது. கல்லக்குடியிலும் அரியலூரிலும் சிமெண்ட் ஆலைகளுக்காகத் தோண்டுகிறார்களே, அந்தச் சுண்ணாம்புக்கல்தான். டைனோசர்கள் இருந்த காலத்தில் அந்தப் பகுதியில் கடல் இருந்தது. கல்லக்குடிச் சுரங்கத்தின் கல்லில் பெரும்பகுதி, சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தக் கடலில் வாழ்ந்த பவளங்களும் பாசிகளும் சேர்த்துவைத்தது. அரியலூர்ப் பக்கம் நத்தை மாதிரி சுருண்ட, அம்மோனைட் என்ற பழங்காலக் கடலுயிரின் புதைபடிவங்கள் கிடைப்பதும் அதனால்தான். தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோ எடுத்துச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும், 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். கல்லின் எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு, ஒரு காலத்தில் காற்றாக இருந்தது!

உங்கள் மகன் இதைக் கண்காட்சியில் செய்தே காட்டலாம். சுண்ணாம்புக்கல் துண்டைப் பொடித்து, எலுமிச்சைச் சாற்றை விட்டால் நுரைத்துக் குமிழி வரும். அந்தக் குமிழிக்குள் இருப்பது கரியமில வாயு. பக்கத்திலேயே கருங்கல் ஜல்லியைப் பொடித்து அதன்மேலும் சாற்றை விடச் சொல்லுங்கள், ஒன்றும் நடக்காது. இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் பார்ப்பவர்களுக்குப் புரியும்.

காற்று எப்படிக் கல்லுக்குள் போனது? மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாக விழுகிறது. அது பாறைகளை மெதுவாக அரிக்கிறது. ஃபெல்ஸ்பார் போன்ற கனிமங்கள் களிமண்ணாகின்றன. அவற்றிலிருந்து வெளியேறும் கால்சியமும் மழைநீர் கொண்டுவந்த கரியும் ஆற்று வழியே கடலுக்குப் போகின்றன. அங்கே சிப்பியும் பவளமும் நுண்ணுயிர்களும் அவற்றை எடுத்து ஓடு கட்டிக்கொள்கின்றன. செத்தபின் ஓடுகள் அடியில் படிந்து கல்லாகின்றன. அப்புறம் கடலடிப் பாறைத் தட்டுகள் நகர்ந்து பூமிக்குள் புதையும்போது, அந்தக் கரியில் ஒரு பகுதி சூட்டில் மறுபடி வாயுவாகி எரிமலை வழியே வெளியே வருகிறது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பூமி சூடானால் மழை கூடும், பாறை அரிப்பும் வேகமாகும், கரியமில வாயு குறையும், பூமி குளிரும். குளிர்ந்துவிட்டால் அரிப்பு மந்தமாகும், எரிமலைகளோ நிற்காது, வாயு சேர்ந்து மறுபடி சூடாகும். இஸ்திரிப்பெட்டியில் சூடு ஏறினால் தானே அணைந்து, ஆறினால் தானே எரிகிறதே, அந்த மாதிரி. 1981-இல் வாக்கர், ஹேஸ், காஸ்டிங் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதைத் தெளிவாக எழுதினார்கள். அதற்கு முன்பு ஒரு பெரிய புதிர் இருந்தது. சூரியன் இளமையில் இன்றைவிட 30 சதவீதம் மங்கலாக இருந்தது. அப்படியானால் அன்றைய பூமி முழுக்க உறைந்திருக்க வேண்டும். ஆனால் மேற்கு ஆஸ்திரேலியாவில் கிடைத்த, 440 கோடி ஆண்டு வயதுள்ள சிர்கான் என்ற கனிமத்தின் மணிகள்கூட அப்போதே தண்ணீர் இருந்ததைக் காட்டுகின்றன. சூரியன் மங்கலாக இருந்தபோது காற்றில் கரியமில வாயு அதிகமாக இருந்து ஈடுகட்டியது, சூரியன் பிரகாசமாக ஆக ஆக அது கல்லுக்குள் போய்ச் சேர்ந்தது என்பது இன்று பலரும் ஏற்கும் விளக்கம்.

இந்த ஏற்பாடு தடுமாறிய காலமும் உண்டு. 70 கோடி ஆண்டுகளுக்கு முன் வெப்ப மண்டலம்வரை பனி மூடியது. பாறை பனிக்கடியில் இருந்ததால் அரிப்பு ஏறக்குறைய நின்றது. எரிமலைகள் பல கோடி ஆண்டுகள் புகைந்து புகைந்து வாயுவைச் சேர்த்த பிறகே பனி உருகியது. அப்படிச் சேர்ந்த வாயு மறுபடி கல்லானதன் தடயமாக, ஆப்பிரிக்காவின் நமீபியாவில் பனியாறு விட்டுச்சென்ற கற்குவியலுக்கு நேர்மேலே சுண்ணாம்புக்கல் படுகை உட்கார்ந்திருப்பதை இன்றும் பார்க்கலாம்.

பூமி உயிர்களுக்கு ஏற்றதாக இருப்பதில் உயிர்களுக்கே பங்கு இருக்கிறது என்பதையும் சார்ட்டில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். நாம் சுவாசிக்கும் 21 சதவீத ஆக்ஸிஜன் ஆரம்பத்தில் இல்லை. கண்ணுக்குத் தெரியாத நீலப்பச்சைப் பாசிகள் அதை வெளிவிட்டு, சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்தான் அது காற்றில் தங்கத் தொடங்கியது. ஓசோன் அதற்குப் பிறகு. காற்றைக் காப்பது என்று பாடப்புத்தகங்கள் பூமியின் காந்தப்புலத்துக்குப் பெரிய இடம் தருகின்றன. அதற்கும் பங்கு உண்டு, ஆனால் அதுவே எல்லாம் என்று எனக்குத் தோன்றவில்லை. வெள்ளிக்குச் சொந்தக் காந்தப்புலம் கிடையாது, இருந்தும் அத்தனை கனத்த காற்றை வைத்திருக்கிறதே.

ஒன்றைக் கவலையோடு சொல்ல வேண்டும். ‘பூமி தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும், புவி வெப்பமாதல் பற்றிப் பயம் எதற்கு’ என்று யாராவது இதை வைத்தே வாதிடுவார்கள். சரிசெய்யும், உண்மைதான். அதற்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. உலகின் எல்லா எரிமலைகளும் ஓராண்டில் விடுவது நாம் விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. உங்கள் மகனின் பேரப்பிள்ளைகள் காலத்துக்குள் அந்தப் பாறைகள் நமக்காக எதையும் செய்து முடிக்காது.

இனி செவ்வாய். அங்கே ஒரு காலத்தில் ஆறுகள் ஓடின. 2021 முதல் பெர்சிவியரன்ஸ் ஊர்தி உலாவும் ஜெசெரோ பள்ளத்தில் ஒரு பழைய கழிமுகமே இருக்கிறது. ஆனால் செவ்வாயின் நிறை பூமியில் பத்தில் ஒரு பங்குதான். சின்ன உடம்பு என்பதால் உட்சூடு சீக்கிரம் தணிந்தது, எரிமலைகள் ஓய்ந்தன, கல்லுக்குள் போன கரியைத் திருப்பித் தர ஆளில்லை. காற்றின் பெரும்பகுதி விண்வெளிக்குக் கசிந்தும் போய்விட்டது. மிச்சமிருக்கும் காற்றின் அழுத்தம் நம்முடையதில் ஒரு சதவீதம்கூட இல்லை. அங்கே நம்மால் எடுக்கக்கூடிய கரியமில வாயு முழுவதையும் வெளியே விட்டாலும் செவ்வாயைப் போதுமான அளவு சூடேற்ற முடியாது என்று ஜகோஸ்கி, எட்வர்ட்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள் 2018-இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். வேறெங்கிருந்தோ கொண்டுபோய் நிரப்பினாலும், வெளியேறுவதை ஈடுகட்ட உள்ளிருந்து ஒன்றும் வராது என்று பையனிடம் சொல்லுங்கள்.

சுண்ணாம்புக்கல்லுக்காகச் சுரங்கத்துக்குள் யாரும் போக வேண்டாம். லாரிகள் போகும் சாலையோரத்தில் சிதறிக் கிடப்பதே போதும், பெரியவர்கள் யாராவது போய் எடுத்து வரட்டும். எலுமிச்சைச் சாற்றில் நுரை சரியாக வராவிட்டால் பள்ளி ஆய்வகத்தில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும். அதை ஆசிரியர் பக்கத்தில் நின்று ஊற்றித் தரட்டும். கண்காட்சியில் மற்ற பிள்ளைகள் அவனிடம் என்னென்ன கேட்டார்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்