கேம் சந்தா: ஓராண்டுக்குச் சேர்த்துக் கட்டலாமா?

கேள்வி: கேம் ஸ்ட்ரீமிங் சேவை ஒன்றுக்கு மாதச் சந்தா கட்டி வருகிறேன். ஓராண்டுக்குச் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி உண்டு. சந்தாவில் வராத சில கேம்களை அங்கேயே தனியாக விற்கவும் செய்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: மாதச் சந்தாவையே தொடருங்கள். ஸ்ட்ரீமிங்கில் மட்டுமே ஓடும் கேமுக்கு முழு விலை கொடுக்க வேண்டாம். இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், ஆன்லைவ் என்ற கேம் ஸ்ட்ரீமிங் நிறுவனத்துக்கு நடந்தது.

ஸ்டீவ் பெர்ல்மன் தொடங்கிய அந்தச் சேவை 2010 ஜூனில் அமெரிக்காவில் அறிமுகமானது. கேம் எங்கோ ஒரு சர்வரில் ஓடும், உங்கள் திரைக்கு வீடியோ மட்டும் வரும். விலை உயர்ந்த கணினி தேவையில்லை. மாதம் 14.95 டாலர் கட்டணம் என்று முதலில் அறிவித்தார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு கேமையும் தனியாக வாங்க வேண்டும். யார் ஒப்புக்கொள்வார்கள்? அதே ஆண்டிலேயே அந்தக் கட்டணத்தைக் கைவிட்டார்கள். 2011இல் மாதம் 9.99 டாலருக்குப் பல கேம்களை ஆடலாம் என்று பிளேபேக் என்ற சந்தா வந்தது. நல்ல திட்டம்தான், ஆனால் செலவுக் கணக்கு உதைத்தது.

சினிமா என்றால் ஒரே வீடியோ கோப்பை எத்தனை பேருக்கும் அனுப்பலாம். கேமில் அது நடக்காது. ஆடுகிற ஒவ்வொருவருக்கும் அந்த நேரத்தில் சர்வரின் கிராபிக்ஸ் திறன் தனியாகத் தேவை. மாலையில் கூட்டம் வரும் என்று சர்வர்களை வாங்கிப் போட்டால், கூட்டம் வராத நாளிலும் மின்சாரம், இட வாடகை, தேய்மானம் எல்லாம் நிற்காமல் ஓடும். போட்ட சர்வர்களுக்கு ஈடாக ஆன்லைவுக்கு ஆட்கள் சேரவில்லை. 2012 ஆகஸ்டில் ஊழியர்கள் அத்தனை பேரும் நீக்கப்பட்டு, சொத்துகள் புதிய நிறுவனம் ஒன்றுக்குக் கைமாறின. சேவை அதே பெயரில் சில காலம் தொடர்ந்தது. 2015 ஏப்ரலில் சோனி அதன் காப்புரிமைகளை வாங்கியது, சேவையை எடுத்து நடத்தவில்லை. அந்த மாதம் 30ஆம் தேதியோடு கணக்குகளும், ஆட்டத்தில் எட்டிய இடத்தைச் சேமித்து வைத்த சேவ்களும் போயின. அங்கே முழு விலைக்கு வாங்கிய கேம்களும் போயின, பணமும் திரும்பவில்லை.

கூகுள் 2023 ஜனவரியில் ஸ்டேடியா என்ற தன் கேம் ஸ்ட்ரீமிங் சேவையை மூடியபோது கேம்களுக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பித் தந்தது, சந்தாத் தொகையைத் தரவில்லை. அதையே பெருந்தன்மை என்பேன். எல்லா நிறுவனங்களிடமும் அதை எதிர்பார்க்க முடியாது.

சரி, ஆண்டுச் சந்தாவே கூடாதா? ஒரு காரணத்துக்காக எடுக்கலாம்: விலையேற்றம். மைக்ரோசாஃப்டின் கேம் சந்தாவான எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் அல்டிமேட் 2019இல் அமெரிக்காவில் மாதம் 14.99 டாலர், 2025 அக்டோபரில் 29.99. முன்கூட்டிக் கட்டியவர்கள் அப்படிப்பட்ட உயர்விலிருந்து கொஞ்ச காலமாவது தப்பிக்கலாம். ஆனால் சேவையை நடத்தும் நிறுவனத்துக்கு வேறு வலுவான வருமானமும் இருக்க வேண்டும், நீங்களும் மாதம் தவறாமல் ஆடுகிறவராக இருக்க வேண்டும். புதிதாக முளைத்த நிறுவனத்துக்கு ஆண்டுப் பணத்தை மொத்தமாகக் கொடுக்காதீர்கள்.

கட்டுவதற்கு முன், நிபந்தனைகளில் சேவை நிறுத்தப்பட்டால் என்ன ஆகும் என்ற பகுதியைத் தேடிப் படியுங்கள். அப்புறம், சேவ் கோப்புகளை வெளியே எடுக்க வழி உண்டா என்று வாடிக்கையாளர் சேவையிடம் எழுத்தில் கேளுங்கள். ஸ்டேடியாவில் அந்த வசதி இருந்தது. இல்லை என்று பதில் வந்தால், நூறு மணி நேரம் இழுக்கும் பெரிய கேம்களை அங்கே தொடங்காமல், ஓரிரு நாளில் முடியும் கேம்களை மட்டும் ஆடுங்கள்.