1380 கோடி ஆண்டுகளும் உங்கள் தூக்கமும்

அண்டத்தின் வயது 1380 கோடி ஆண்டுகள் என்று படித்த நாளிலிருந்து பிரார்த்தனை வரவில்லை, கடவுள் இல்லை என்று சொல்லவும் நா எழவில்லை, ஆகவே வாழ்வே வெறுமை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘ஆகவே’தான் எனக்கு இடிக்கிறது. வயதைக் கணக்கிட்ட இயற்பியல், நீங்கள் எதற்காக வாழவேண்டும் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லையே.

ஜார்ஜ் லெமைத்ரைப் பாருங்கள். அண்டம் விரிகிறது என்று 1927இல் எழுதியவர், கத்தோலிக்கப் பாதிரியார். 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ் அண்டத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு என்ற கோட்பாட்டைக் கடவுளின் படைப்புக்கு ஆதரவாகக் காட்டிப் பேசியபோது, மகிழ வேண்டியவர் சங்கடப்பட்டார். அறிவியலை விசுவாசத்துக்கு முட்டாக வைப்பதில் அவருக்கு விருப்பமில்லை. டார்வின் போன வழி வேறு. 1851இல் பத்து வயது மகள் ஆனியைப் பறிகொடுத்தவர். முதுமையில் தம்மை நாத்திகர் என்றல்ல, அறியொணாவாதி, அதாவது கடவுள் உண்டா இல்லையா என்று அறிய முடியாது என்பவர், என்றே சொல்லிக்கொண்டார். அந்த நிலையிலும் மண்புழுக்களை ஆராய்ந்து 1881இல் நூல் வெளியிட்டார். (மண்புழு! எனக்கு மிகப் பிடித்த செய்தி இது.)

நான் நாத்திகன்தான், உங்களை என் பக்கம் இழுக்கும் எண்ணம் இல்லை. இந்த மாதமே முடிவெடுக்க வேண்டும் என்று யார் கெடு வைத்தார்கள்? ஆனால் மூன்று மாதமாகத் தூக்கமில்லை என்கிறீர்களே, அதைத் தத்துவக் கணக்கில் எழுதாதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள்.