டிவியில் நையாண்டி செய்ய ஆசைப்படும் மகன்: மேலூர் அம்மாவுக்குப் பதில்

வணக்கம் அம்மா. பிளஸ் டூ முடித்த மகன் இன்ஜினியரிங் வேண்டாம், டிவியில் அரசியல் நையாண்டிதான் செய்வேன் என்று பிடிவாதமாக நிற்கிறான்; "நாலு பேரைச் சிரிக்க வைத்தால் சோறு கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும். எந்த வாசல் வழியாக உள்ளே போகிறான் என்பதைப் பொறுத்தது.

அவன் கண்ணுக்குத் தெரிவது ஒரு வாசல்தான். 'கலக்கப் போவது யாரு' மேடையிலிருந்து மதுரை முத்துவும் சிவகார்த்திகேயனும் மேலே வந்ததை எல்லோரும் பார்த்தோம். அங்கே கூட்டம் அதிகம். எபிசோடு கணக்கில் சம்பளம், சீசன் முடிந்தால் வருமானமும் நிற்கும். அப்புறம் கோயில் திருவிழா, கல்லூரி ஆண்டு விழா என்று ஓட வேண்டும். திரைக்குப் பின்னால் ஸ்கிரிப்ட் எழுதுபவர்களின் வாசல் ஒன்று இருக்கிறது. ஒரு நிகழ்ச்சி முடிந்தாலும் நன்றாக எழுதுபவரை அடுத்த நிகழ்ச்சிக்குக் கூப்பிடுவார்கள். நையாண்டி என்பதே முதலில் எழுத்து வேலைதான்.

கல்யாண வீட்டில் எல்லோரையும் சிரிக்க வைப்பான் என்று எழுதியிருக்கிறீர்கள். சொந்தக்காரர்கள் சிரிப்பதை வைத்து நான் எதுவும் சொல்ல முடியாது. அவன் எழுதி வைத்திருக்கும் நோட்டைக் கேளுங்கள். நோட்டே இல்லையென்றால் இன்றைக்கே ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

அதில் என்ன எழுதுவது? 2017 ஏப்ரலில் வைகை அணையில் தண்ணீர் ஆவியாகாமல் தடுக்க தெர்மாகோல் அட்டைகளை டேப் போட்டு ஒட்டி மிதக்க விட்டார்கள். காற்றடித்து அவை கரைக்கே வந்து சேர்ந்தன. இன்றும் 'தெர்மாகோல்' என்றாலே மேடையில் கைதட்டல் விழும். ஆனால் அதைத் திரும்பச் சொல்ல யாராலும் முடியும். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 2015-ல் ஒரு நீர்த்தேக்கத்தில் 9.6 கோடி கறுப்பு பிளாஸ்டிக் பந்துகளை மிதக்க விட்டிருக்கிறார்கள். அப்படியானால் தண்ணீரை மூடி வைக்கும் யோசனை பைத்தியக்காரத்தனம் இல்லை. அணையின் பரப்பு என்ன, காற்றின் வேகம் என்ன என்று யாரும் உட்கார்ந்து யோசிக்காததில்தான் நகைச்சுவை இருக்கிறது. உங்கள் மகன் அங்கே வரை தேடிப்போய்ப் புதிதாக ஒரு வரி கொண்டு வருகிறானா என்று பாருங்கள். தினமும் ஒரு செய்தி, அதற்கு ஐந்து வரி. இதை மாதக்கணக்கில் விடாமல் செய்தால் எனக்கு நம்பிக்கை வரும்.

படிப்பை விடக் கூடாது. இதில் நான் கறாராகவே சொல்கிறேன். சோ ராமசாமி வழக்கறிஞர். விவேக் நம் அமெரிக்கன் கல்லூரியில் படித்து, தலைமைச் செயலகத்தில் வேலை பார்த்தவர். சாலமன் பாப்பையா அதே கல்லூரியில் தமிழ் நடத்தியவர். அரசியல் அறிவியல், பொருளாதாரம், சட்டம் இவற்றில் ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். பட்ஜெட் புரியாதவன் பட்ஜெட்டைக் கிண்டல் செய்ய முடியாது. விஸ்காம் எனும் காட்சித் தொடர்பியல் கெட்ட படிப்பு இல்லை. ஆனால் கேமராவும் எடிட்டிங்கும் கையிலிருக்கும் போனிலேயே ஓரளவு பழகிவிடும். என் சிபாரிசு மதுரை அரசு சட்டக் கல்லூரியின் ஐந்தாண்டுப் படிப்பு.

சட்டம் என்று சொல்ல இன்னொரு காரணம், வழக்கு வருமோ என்ற உங்கள் பயம். அந்தப் பயம் நியாயமானது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவின்படி அவதூறுக்கு 2 ஆண்டு வரை சிறை உண்டு. ஒருவரின் செயலைக் கிண்டல் செய்வதற்கும், செய்யாத குற்றத்தை அவர் தலையில் கட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் அவனுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். சாதியையும் உடம்பையும் வைத்துச் சிரிக்க வைப்பவனாக அவன் ஆகிவிடக் கூடாது என்பதும் என் ஆசை.

மேடைப் பயிற்சிக்குச் சென்னை போக வேண்டியதில்லை. உங்கள் பக்கத்துத் திருவிழாவில் ஸ்பெஷல் நாடகம் போட்டால் பபூன் எனும் கோமாளி வரும்போது முன்வரிசையில் உட்காரச் சொல்லுங்கள். கதை தொடங்குமுன் தனியாக வந்து, ஆர்மோனியக்காரரையும் மிருதங்கக்காரரையும் பேச்சுக்கு இழுத்து, விடிய விடிய உட்கார வேண்டிய கூட்டத்தைப் பிடித்து வைப்பார். எந்த இடத்தில் நிறுத்துகிறார், சிரிப்பு அடங்கும் வரை எப்படிக் காத்திருக்கிறார் என்று கவனிக்கட்டும்.

ஆடிஷனுக்குக் கல்லூரி இரண்டாம் ஆண்டில் போகலாம். சேனலில் வாய்ப்பு வாங்கித் தருகிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இப்போதைக்கு சட்டக் கல்லூரி விண்ணப்பத் தேதியை விட்டுவிடாமல், மேலூர் அரசு கலைக் கல்லூரிக்கும் சேர்த்தே விண்ணப்பித்து வையுங்கள்.